கரப்பானும் களிம்புப் பயமும்

வியர்வை காயாத ஊர் திருவனந்தபுரம். முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் கரப்பான் வந்த குழந்தைக்கு அந்த வியர்வையே பெரும் தொல்லை. எக்ஸிமா என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நோயில் தோல் ஈரத்தைத் தக்கவைக்கும் திறனை இழக்கிறது. சோப்பு, தூசி, வியர்வை எல்லாமே உறுத்தும். சொறியச் சொறிய வீக்கம் கூடும், வீக்கம் கூடக் கூட அரிப்பும் கூடும். இதைத் தணிக்கத்தான் ஸ்டீராய்டு களிம்பு. ஆனால் ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதுமே பல வீடுகளில் பயம் வந்துவிடுகிறது. பட்டும் படாமல் தடவி, சிவப்பு கொஞ்சம் குறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அரைகுறையாக அடங்கியது திரும்ப வருகிறது. மருந்தின் மீதே பழி விழுகிறது.

இந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. படை, கரும்புள்ளி, முகச் சிவப்பு என எதற்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் பூசும் கலவைக் களிம்புகள் பலவற்றில் குளோபீட்டசால் போன்ற மிகக் கடுமையான ஸ்டீராய்டு இருக்கிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பூஞ்சைப் படை பரவும். தோல் மருத்துவர்கள் நெடுநாள் வற்புறுத்திய பிறகு, 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென விதியைத் திருத்தியது. ஆக, பயப்பட வேண்டியது சீட்டில்லாமல் வாங்கும் அந்தப் பழக்கத்துக்கு. குழந்தைக்கு மருத்துவர் எழுதித் தரும் மிதமான களிம்பு வேறு சமாச்சாரம். 1952 முதல் தோலில் பூசப்பட்டுவரும் ஹைட்ரோகார்ட்டிசோன் அந்த வகையில் மிக மென்மையானது. 2022-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தோல் மெலிவைக் கவனித்த 22 சோதனைகளில் 2,266 பேரில் 26 பேருக்கே அது கண்டதாகச் சொல்கிறது. அவர்களிலும் பெரும்பாலோர் கடுமையான களிம்பு பூசியவர்கள். சோதனைகள் பெரும்பாலும் குறுகிய காலத்தவை என்பது உண்மைதான். ஆண்டுக்கணக்கில் விடாமல் பூசலாம் என்பதற்கு இது சான்றாகாது; சில நாள் பூசப் பயந்து குழந்தையை இரவெல்லாம் சொறியவிடுவதற்கும் நியாயமாகாது.

பூசும் அளவுக்கு எளிய கணக்கு உண்டு. பெரியவரின் ஆள்காட்டி விரலில், நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும். பெரும்பாலான களிம்புகளை நாளுக்கு ஒருமுறை பூசினாலே போதும். இருமுறை பூசுவதால் கூடுதல் பலன் இருப்பதாக அதே காக்ரேன் தொகுப்பில் தெரியவில்லை. அடிக்கடி திரும்பும் கரப்பானுக்கு, அடங்கிய பிறகும் வாரத்தில் இரண்டு நாள் பழைய இடத்தில் பூசச் சொல்வதுண்டு. அந்தத் தொகுப்பின்படி, மீண்டும் வருவது அதனால் 58 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைந்தது.

தேங்காய் எண்ணெய் இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேரளத்தில் கேட்காமல் இருப்பார்களா? எண்ணெய் வீண் இல்லை. பிலிப்பைன்ஸ் குழந்தைகளிடம் நடந்து 2014-ல் வெளியான சோதனையில், சுத்தத் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலைவிட நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அங்கே அது ஸ்டீராய்டோடு போட்டியிடவில்லை; குழந்தைகளுக்கு இருந்ததும் லேசான, நடுத்தரக் கரப்பான்தான். தினமும் ஈரப்பதம் காக்க எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ வேண்டும், சிவந்து கொதிக்கும் நாட்களில் களிம்பும் வேண்டும்.

எந்த வீரியம், எத்தனை விரல்நுனி, எத்தனை நாள் என்று சீட்டிலேயே எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். சீழ், மஞ்சள் பொருக்கு, கொத்துக் கொப்புளம், காய்ச்சல் இவற்றில் எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல், திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்து எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்கோ பக்கத்துக் குழந்தை மருத்துவரிடமோ அன்றே கொண்டுபோங்கள்.