நான் சொன்ன ஒரு வார்த்தை

எனக்கு வயது 37. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கரூரில் குடியிருக்கிறோம். கணவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். ஒரு மகன், ஒரு மகள். 2022 ஆகஸ்ட் மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். விபத்து பாலிசி எடுத்து பீரோவில் வைத்திருக்கும் சகோதரிகள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அன்று பகல் பதினோரு மணி இருக்கும். "அக்கா, அண்ணன் மேலேருந்து விழுந்துட்டாரு, ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று பட்டறைப் பையன் போன் செய்தான். கட்டின சேலையோடு ஓடினேன். வலது காலில், கணுக்காலுக்கு மேலே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. வலியில் அவரால் பேச முடியவில்லை. சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "எப்படிம்மா விழுந்தாரு?" என்று கேட்டார். நான் அங்கே இருந்தேனா, பார்த்தேனா? காலையில் சாப்பிடாமல் போனாரே என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. "தலை சுத்தி விழுந்திருப்பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். 34 வாரம் வேலை இல்லை. அவர் பேரில் 3 லட்ச ரூபாய்க்கு விபத்து பாலிசி இருந்தது. விபத்தால் வேலைக்குப் போக முடியாத ஒவ்வொரு வாரத்துக்கும் அதில் ஒரு சதவிகிதம், அதாவது 3,000 ரூபாய் உண்டு என்று எடுக்கும்போதே ஏஜென்ட் சொல்லியிருந்தார். 34 வாரத்துக்கு 1,02,000 ரூபாய் வரும் என்று நம்பித்தான் என் செயினை அடகு வைத்து வீட்டை ஓட்டினேன்.

2023 ஜூலையில் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. மகன் படித்துச் சொன்னான். தலைசுற்றலால் விழுந்தது உடம்புக் கோளாறு, விபத்து ஆகாது, பணம் இல்லை. ஆதாரம், ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த என் வார்த்தை. மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கணவர் ஒன்றுமே சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட தேவலாம் போல இருந்தது.

நடந்தது என்னவென்றால், ஏணி வழுக்கித்தான் அவர் விழுந்திருக்கிறார். கூட வேலை செய்த இரண்டு பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது எந்தக் காகிதத்திலும் இல்லை.

பக்கத்துத் தெருவில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆன பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கடிதத்தைக் காட்டினேன். "முடியாம கிடக்கேன்னு பணம் கேட்டா எப்படி அடிபட்டது, எவ்வளவு முடியலை, எத்தனை நாள் முடியலை, மூணுக்கும் காகிதம் கேட்பாங்க. ஒண்ணுல ஓட்டை இருந்தா அந்த ஓட்டை வழியா உன்னை வெளியே அனுப்பிடுவாங்க" என்றார்.

அவரே ஆஸ்பத்திரிக் காகிதம் முழுவதையும் பார்த்தார். சேர்த்த அன்றைக்கே எடுத்த சர்க்கரையும் பிரஷரும் சரியாக இருந்தன. தலைசுற்றலுக்கு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அதைக் குறித்துக்கொண்டார். பார்த்த இருவரிடமும் எழுதி வாங்கச் சொன்னார். பட்டறை முதலாளிதான் முதலில் பிடி கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்தால் நஷ்டஈடு தன் தலையில் விழுமோ என்று அவருக்குப் பயம். மூன்று தடவை நடந்தேன். கடைசியில் அவர் சம்சாரம் சொல்லித்தான் கொடுத்தார்.

எல்லாவற்றையும் வைத்து முதலில் கம்பெனிக்கே புகார் எழுதினோம். முடிவில் மாற்றம் இல்லை என்று பதில் வந்தது. பிறகு சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனுக்கு எழுதினோம். இப்படி ஒரு இடம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கத் தேவையில்லை. ஆனால் முதலில் கம்பெனிக்கு எழுதியிருக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் ஒரு வருஷத்துக்குள் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம்.

விசாரணை மகனுடைய செல்போனில் வீடியோவில் நடந்தது. "தலை சுற்றியதை நீங்கள் பார்த்தீர்களா?" என்று என்னைக் கேட்டார்கள். "பார்க்கலைங்க, பதட்டத்துல நானா சொன்னேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

விபத்துதான் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் 26 வாரத்துக்கு மட்டும் 78,000 ரூபாய். மீதி எட்டு வாரத்துக்கு இல்லை. காரணம், அந்த இரண்டு மாதமும் நாங்கள் டாக்டரிடம் போகவில்லை. 'போனாலும் ரெஸ்ட் எடுங்கன்னுதான் சொல்லப் போறார், ஆட்டோவுக்கு 300 ரூபாய் தண்டம்' என்று கணக்குப் போட்டவள் நான்தான். வேலைக்குப் போக முடியாது என்று அந்த நாட்களுக்கு டாக்டர் எழுதிய சீட்டு இல்லை. 300 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 24,000 போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேங்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டிலும் அவர் சேர்ந்திருந்தார். அதில் எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஒரு கால் அடியோடு செயல் இழந்தால் 1 லட்சம், இரண்டும் போனால் 2 லட்சம். இவர் நொண்டினாலும் நடக்கிறார். அந்தத் திட்டமே அப்படித்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் எதிர்வீட்டு அக்கா விஷயம் வேறு. அவர் கணவருக்கு ஒரு கண் பார்வை போய்விட்டது. பாஸ் புக்கைப் பார்த்தால் அந்த வருஷம் கணக்கில் பணம் இல்லாததால் 20 ரூபாயே பிடிக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதம் பாஸ் புக்கை என்ட்ரி போட்டு, பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

2024 மார்ச்சில் பணம் வந்தது. செயினைத் திருப்பிவிட்டேன். கணவர் இப்போது உட்கார்ந்து செய்கிற வேலை மட்டும் பார்க்கிறார், சம்பளமும் குறைவுதான். போன மாதம் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையில் அடி. கிளினிக்கில், "எப்படிம்மா விழுந்தா?" என்று நர்ஸ் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் சொன்னார்: "அவ பார்க்கலைங்க. பாப்பாகிட்டயே கேளுங்க."

— ஒரு வாசகி, கரூர்.