கட்டைப்பை கொடுக்கிற கடை மாஸ்க் கொடுக்கக் கூடாதா?

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் மதுரை விளக்குத்தூண், பத்துத்தூண் சந்து, தெற்கு மாசி வீதிப் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. பண்டிகை முடிந்த மறுவாரம் என் கிளினிக்கில் இடம் இருக்காது. இருமிக்கொண்டு வருகிறவர்களில் சேலை எடுக்கப் போனவர்களைவிட, அதை எடுத்துப் போட்டவர்கள்தான் அதிகம்.

போன வருஷம் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். துணிக்கடையில் மூன்றாவது மாடி, ஏசி ஹால், காலையிலிருந்து ராத்திரி வரை நின்றபடி வேலை. பன்னிரண்டு நாளாக இருமல். வலது நுரையீரலில் நிமோனியா பிடித்திருந்தது. "மாஸ்க் போடலையாம்மா?" என்றேன். "போட்டேன் சார். சூப்பர்வைசர்தான் கழட்டச் சொன்னாரு. வர்றவுங்க நம்மளச் சீக்காளின்னு நெனப்பாங்களாம்."

அந்தப் பொட்டலம்

அவள் பைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தாள். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் பாதி, ஒரு கேப்சூல். எதிலும் பெயர் இல்லை. "மெடிக்கல்ல ரெண்டு தரம் செட் வாங்கிப் போட்டேன் சார்."

இந்த 'செட்'டை ஒழிக்காமல் நான் ஓய்வு பெறப் போவதில்லை. அதில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். காய்ச்சல் அமுங்கும், பசி எடுக்கும், வேலைக்கும் போய்விடலாம். உள்ளே சளி முற்றிக்கொண்டிருக்கும். சில ஆன்டிபயாடிக்குகள் காசநோயை அரைகுறையாக அடக்கிக் காட்டி, கண்டுபிடிப்பதையே வாரக்கணக்கில் தள்ளிப்போடும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை, அரசு மருத்துவமனையில் இலவசம்.

வீட்டு வைத்தியமும் சளைத்ததல்ல. மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகை பிடிக்கிறார்கள். வீசிங் உள்ளவருக்குப் புகை என்ன செய்யும் என்று யோசித்தீர்களா? ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கிற சட்டியை மடியில் கவிழ்த்துக்கொண்டவர்களுக்கு இருமலோடு தீக்காயத்துக்கும் சேர்த்துக் கட்டுப் போட்டிருக்கிறேன்.

"கொரோனாதான் போயிருச்சே"

தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று நம் இராசாசி அரசு மருத்துவமனையில்தான் நடந்தது. அந்த ஜூனில் பரவை மார்க்கெட்டை மூடினார்கள், ஊரடங்கு மறுபடி வந்தது. ரேஷன் கடையில் ஆளுக்கு இரண்டு துணி மாஸ்க் தந்தார்கள். போடாதவர்களிடம் 200 ரூபாய் அபராதம் வாங்கினார்கள். இன்று கடைவாசலில் காலால் மிதிக்கும் அந்தச் சானிடைசர் ஸ்டாண்டு துருப்பிடித்து, குடை மாட்ட உதவுகிறது.

கொரோனா அடங்கியிருக்கலாம். ஃப்ளூவும் காசநோயும் எங்கே போயின? ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃப்ளூ ஏறும். அதே நேரம்தான் நீங்கள் மூடிய ஹாலில் தோளோடு தோள் உரசுகிறீர்கள்.

இனி, தினமும் நான் பதில் சொல்லிச் சலித்தவை.

மாஸ்க் போட்டால் ஆக்சிஜன் குறையுமாம். ஆறு மணி நேரம் ஆபரேஷன் செய்கிற சர்ஜன் மயங்கியா விழுகிறார்?

துப்பட்டா நுனியோ, கர்சீப்போ போதும் என்பார்கள். நெய்த துணியின் இடைவெளியில் நுண்துளிகள் தாராளமாகப் போய்வரும். மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க்கின் நடு அடுக்குதான் வடிகட்டி. அதைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டால் வடிகட்டும் தன்மை போய்விடும். நம் வீடுகளில் அதுதான் நடக்கிறது.

ஏசி ஹாலில் கிருமி வராது என்கிறார் ஒரு பெரியவர். வெளிக்காற்று உள்ளே வராததால் ஒருவர் இருமியது அங்கேயேதான் சுற்றும்.

பேசும்போது மாஸ்க்கைத் தாடைக்கு இறக்குவது தனி ரகம். பேசும்போதும் இருமும்போதும்தானே துளி தெறிக்கிறது? மூக்குக்குக் கீழே போடுகிறவர்களைப் பற்றி நான் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

மண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடைகளில் வற்றல் மூட்டை பிரிப்பவர்களுக்கு சர்ஜிக்கல் மாஸ்க் போதாது. ஓரத்து இடைவெளியில் நெடியும் தூசியும் ஏறும். முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 வேண்டும். துண்டைக் கட்டிக்கொண்டு இருபது வருஷம் ஓட்டியவர்களின் நெஞ்சை ஸ்டெதஸ்கோப்பில் கேட்டவன் சொல்கிறேன்.

முதலாளிமாரே, கேட்டுக்கொள்கிறேன்

2020 கடைசியில் தொடங்கி வங்கதேசத்தின் 600 கிராமங்களில் 3.4 லட்சம் பெரியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. மாஸ்க்கை இலவசமாகக் கொடுத்து, சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆள் நின்று நினைவூட்டியதும், ஒழுங்காகப் போட்டவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறுபது வயது தாண்டியவர்களிடம் அறிகுறியோடு வந்த கொரோனா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நோட்டீஸ் ஒட்டினால் மட்டும் யாரும் போடமாட்டார்கள். கையில் கொடுக்க வேண்டும், ஓர் ஆள் சொல்லவும் வேண்டும்.

அண்ணாச்சி, சேலை எடுத்தால் கட்டைப்பை இனாமாகத் தருகிறீர்கள். வாசலில் ஒரு டப்பா மாஸ்க் வையுங்கள். பில் போடுகிற பையனுக்கும் சேலை விரிக்கிற பிள்ளைகளுக்கும் காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று கொடுங்கள். இருமுகிற வாடிக்கையாளரிடம் சிரித்த முகத்தோடு ஒன்றை நீட்டுங்கள். கோபித்துக்கொண்டு போக மாட்டார். சட்டம் கேட்கவில்லைதான், நான் கேட்கிறேன். காய்ச்சல் அடிக்கிற பிள்ளைக்கு இரண்டு நாள் லீவு கொடுங்கள், சம்பளம் பிடிக்காமல். அந்த உசிலம்பட்டிப் பெண் பன்னிரண்டு நாள் இழுத்ததற்குச் சொன்ன காரணம், "லீவு கேட்டா போனஸ்ல கை வைப்பாங்க சார்."