வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றலாமா? அடக்கவிலை போட்டுப் பாருங்கள்!



"உங்கள் வீட்டுக் கடனை எங்கள் வங்கிக்கு மாற்றிக் கொள்ளுங்கள், வட்டி ஒரு சதவீதம் குறைவு, மாதத் தவணை மூவாயிரம் ரூபாய்க்கு மேல் குறையும்" என்று கடை தேடி வந்து சொல்லும் முகவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போ விகிதத்தை 6.50 சதவீதத்திலிருந்து 5.50 சதவீதமாகக் குறைத்த பிறகு இந்தப் பேச்சு உறுப்பினர்களிடையேயும் அடிக்கடி எழுகிறது. மாற்றுவது லாபமா, நஷ்டமா என்பதை நம் வியாபாரக் கணக்கிலேயே பார்த்துவிடுவோம்.

ஒரு மண்டியில் துவரம்பருப்பு மூட்டைக்கு ஐம்பது ரூபாய் குறைவு என்று கேள்விப்பட்டால் உடனே லாரி அனுப்புகிறோமா? இல்லை. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எடைக் குறைவு எல்லாவற்றையும் சேர்த்து, நம் கிடங்கில் வந்து இறங்கும்போது அடக்கம் என்ன என்று பார்க்கிறோம். கடனுக்கும் அதுவே வழி. வட்டி விகிதம் என்பது மண்டி விலை. மாற்றும் செலவும், கட்ட வேண்டிய காலமும் சேர்ந்ததுதான் அடக்கவிலை.

செலவுகள் எவை?

மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே உத்தரவிட்டுவிட்டது. ஆகவே பழைய வங்கியை விட்டு வர அந்தத் தடை இல்லை. ஆனால் புதிய வங்கியில் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கருத்துக் கட்டணம், வீட்டு மதிப்பீட்டுக் கட்டணம் உண்டு. பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கு எம்.ஓ.டி. என்னும் ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மீண்டும் பதிய வேண்டும். அதற்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உண்டு. பழைய எம்.ஓ.டி.யை ரத்து செய்யும் ரசீதையும் பதிந்தால்தான் வில்லங்கச் சான்று சுத்தமாகும். பலர் பரிசீலனைக் கட்டணம் தள்ளுபடி என்றதும் செலவே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். எழுத்தில் கேட்டு, ஒவ்வொரு செலவையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு

கடன் பாக்கி 20 லட்சம், இன்னும் 15 வருடம், வட்டி 9.25 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். மாதத் தவணை 20,584 ரூபாய். புதிய வங்கி 8.25 சதவீதம் தருகிறது. மாற்றும் செலவு எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய் என்று கொள்வோம்.

முதல் வழி: அதே 15 வருடத்துக்கு மாற்றினால் தவணை 19,403 ஆகும். மாதம் 1,181 ரூபாய் மிச்சம். செலவான 35,000 திரும்பி வர முப்பது மாதம் ஆகும். அதற்குப் பிறகு வருவதுதான் லாபம். வீட்டை இரண்டு வருடத்தில் விற்கும் எண்ணம் உள்ளவருக்கு இது நஷ்ட வியாபாரம்.

இரண்டாவது வழி: வட்டி குறைந்தாலும் பழைய தவணையான 20,584 ரூபாயையே தொடர்ந்து கட்டுவது. அப்போது கடன் 180 மாதத்துக்குப் பதில் 161 மாதத்தில் முடிகிறது. சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் மிச்சம். செலவு போகவும் மூன்றரை லட்சம் கையில் நிற்கும்.

மூன்றாவது வழிதான் முகவர் சொல்லும் வழி. காலத்தைத் திரும்ப 20 வருடமாக நீட்டினால் தவணை 17,041 ஆகிறது. மாதம் 3,543 ரூபாய் குறைவு! கேட்பதற்கு இனிப்பாக இருக்கிறது. ஆனால் மொத்தம் கட்டுவது என்ன? பழைய கடனை அப்படியே விட்டிருந்தால் 37 லட்சத்து 5 ஆயிரம். இப்போது 40 லட்சத்து 90 ஆயிரம். வட்டி ஒரு சதவீதம் குறைந்தும், 3 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறோம். 45 வயதுக்காரர் 60ல் முடிக்க வேண்டிய கடனை 65 வரை சுமக்கிறார். கல்லாவில் உட்காரும் தெம்பு அப்போது நமக்கு இருக்குமா என்பதை அவரவர் யோசிக்க வேண்டும். சம்பளக்காரருக்காவது பென்ஷன் உண்டு. நமக்குக் கடை திறந்தால்தான் காசு.

கடன் முடியும் தறுவாயில் இருப்பவரின் கணக்கு வேறு. பாக்கி 5 லட்சம், மூன்று வருடம்தான் மீதி என்றால், அதே ஒரு சதவீதக் குறைவில் மொத்த மிச்சமே 8,400 ரூபாய்க்குள்தான். மாற்றும் செலவு அதைவிடக் கூடும். அங்கே மாற்றாமல் இருப்பதே லாபம்.

முதலில் சொந்த வங்கியைக் கேளுங்கள்

பல வருடமாகச் சரக்குப் போடும் வியாபாரியிடம் விலை கேட்காமல் புது ஆளிடம் போக மாட்டோம். வங்கியிலும் அப்படியே. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டி மாற்றி அமைக்கப்பட வேண்டும். அதற்கு முன்பு வாங்கிய கடன் பழைய முறையிலேயே இருந்தால், வட்டிக் குறைவு நமக்கு மெதுவாகத்தான் வந்து சேரும். கிளை மேலாளரிடம் போய் ரெப்போ முறைக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்டால், ஒரு கட்டணத்தோடு அங்கேயே வேலை முடியலாம். புது எம்.ஓ.டி., வக்கீல், மதிப்பீடு என்ற அலைச்சலும் மிச்சம். வேறு வங்கி தந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பேச்சுக்கு மதிப்புக் கூடும்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை

நம்மில் பலருக்கு வீடு வெறும் வீடு மட்டும் அல்ல, கடையின் ஓ.டி. கணக்குக்கும் அதே வீட்டுப் பத்திரம்தான் ஈடாக இருக்கும். அப்படியானால் வீட்டுக் கடனை மட்டும் பிரித்து எடுத்துப் போக முடியாது. பத்திரத்தை விடுவிக்க ஓ.டி.யையும் அடைக்கச் சொல்வார்கள். தீபாவளிச் சரக்குப் போடும் நேரத்தில் ஓ.டி. நின்றுபோனால் ஒரு சதவீத மிச்சத்தால் என்ன பயன்? கடன் மாற்றத்தைச் சீசன் இல்லாத மாதத்தில் வைத்துக்கொள்வதே நல்லது.

மாற்றும்போது "கூடுதலாக ஐந்து லட்சம் டாப்-அப் தருகிறோம்" என்பார்கள். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கிய கடன் இருந்தால், அதை அடைக்க இதை வாங்குவதில் நியாயம் உண்டு. வருடம் 24 சதவீதம் எங்கே, இது எங்கே! ஆனால் அப்படி அடைத்தவர் மறுபடியும் வெளியில் கை நீட்டக் கூடாது. கடைக்கு அலமாரி, கார், கல்யாணச் செலவு என்று வாங்கினால், மூன்று மாதத்தில் விற்கும் சரக்குக்கு வீட்டைப் பதினைந்து வருடம் அடகு வைத்த கதையாகும்.

கடன் அடைத்த முப்பது நாளுக்குள் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் உள்ள விதி. ஆகவே கடன் வாங்கியபோது எந்தெந்தப் பத்திரம் கொடுத்தோம் என்ற பட்டியலைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வது அவசியம்.

முடிவாக

கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். மொத்தச் செலவு எவ்வளவு? அது எத்தனை மாதத்தில் திரும்பி வரும்? கடன் முடியும் தேதி முன்னால் வருகிறதா, பின்னால் போகிறதா? முதல் இரண்டுக்கும் நல்ல விடை கிடைத்து, மூன்றாவதில் தேதி பின்னால் போகவில்லை என்றால் தைரியமாக மாற்றலாம். தேதி பின்னால் போனால், தவணை எவ்வளவு குறைந்தாலும் அது லாபம் அல்ல, புதிய கடன்தான்.

வீட்டில் இல்லத்தரசியையும் வளர்ந்த பிள்ளைகளையும் உட்கார வைத்து இந்தக் கணக்கைக் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். நமக்குப் பின் அந்தப் பத்திரத்தைக் கையில் வாங்கப் போகிறவர்கள் அவர்கள்தானே.