உங்களுக்குத் தெரியுமா? தண்டவாளத்தில் ஓடிய வாத்து

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் இருபது ஆண்டுகள் ரயிலாக ஓடியவை பழைய கார்கள்! பியூக், பியர்ஸ்-ஆரோ கார்களின் உடலை இரும்புச் சக்கரங்கள் மேல் ஏற்றி, 1931 முதல் ஏழு வண்டிகளைச் செய்தது ரியோ கிராண்ட் சதர்ன் ரயில்வே. முன்னால் பயணிகள், பின்னால் தபாலும் சரக்கும். கோணல்மாணலான தண்டவாளத்தில் ஆடி அசைந்து வந்ததால் ஊரார் வைத்த பெயர் ‘பாய்ந்தோடும் வாத்து’.

● வெள்ளிச் சுரங்க ஊர்களுக்காக ஓட்டோ மியர்ஸ் என்பவர் போட்ட ரயில் பாதை இது. ரிட்ஜ்வே முதல் டுராங்கோ வரை 162 மைல். அகலம் வெறும் 3 அடி. 10,200 அடிக்கும் மேலே லிசர்ட் ஹெட் கணவாயைத் தாண்டிப் போகும்.

● 1891-இல் வேலை முடிந்தது. 1893-இல் வெள்ளி விலை சரிந்தது, ரயில்வேயும் திவாலானது. என்ன ராசியோ!

● நீராவி எஞ்சினுக்கு நிலக்கரி வேண்டும், ஆள்கூட்டம் வேண்டும். வாத்துக்குப் பெட்ரோலும் ஓர் ஓட்டுநரும் போதும். கைவிட்டுப் போகவிருந்த தபால் ஒப்பந்தம் இதனால்தான் தப்பியது.

● இரண்டாம் உலகப் போரின்போது இந்தப் பாதையில் வனேடியம் தாது போனது. அதே தாதுக் கழிவிலிருந்து எடுத்த யுரேனியம் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்குச் சென்றது.

● பின்னாளில் அந்தத் தபால் ஒப்பந்தமும் பறிபோனதும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. 1950-களின் தொடக்கத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டார்கள்.

● ஏழில் ஆறு வாத்துகள் இன்றும் இருக்கின்றன. முதலாவது மட்டும் பழைய இரும்பாகிவிட்டது. ரிட்ஜ்வேயில் இப்போது இருப்பது அதன் நகல்.