கூரை வெட்டிய காரும் வியாபாரியின் சொல்லும்

பருப்பும் புளியும் விற்கும் நமக்குப் பிரெஞ்சு நாட்டுப் பழைய கார் எதற்கு என்று வணிக அன்பர்கள் கேட்கலாம். சரக்கு எதுவானாலும், விற்பவர் வாங்குபவரிடம் எதைச் சொல்லியாக வேண்டும் என்ற கேள்வி ஒன்றுதான். அதற்கு இந்தக் கார் வியாபாரம் தெளிவான விடை தருகிறது.

சிட்ரோயன் கம்பெனி 1955 அக்டோபர் 5ஆம் தேதி பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் டி.எஸ். என்ற காரை அறிமுகப்படுத்தியது. ஸ்பிரிங்குக்குப் பதிலாக எண்ணெயும் வாயுவும் காரைத் தாங்கின. முதல் நாளிலேயே 12,000 ஆர்டர்கள் குவிந்தன. 1975 வரை 14 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்கள் தயாராகின.

இவற்றில் பெரும்பாலானவை நான்கு கதவுகளும் கூரையும் உள்ளவை. மடக்குக் கூரையும் இரண்டு நீளக் கதவுகளும் கொண்ட காரை ஆன்ரி ஷாப்ரோன் என்பவரின் பட்டறை கம்பெனிக்காகத் தயாரித்துக் கொடுத்தது. கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதுபோல, பாரிஸை அடுத்த லெவல்லுவாவில் இந்த வேலை நடந்தது. 1960 முதல் 1971 வரை கம்பெனிப் பட்டியலில் விற்ற இந்த வகைக் கார்கள் 1,365தான்.

குறைவாக இருக்கும் பொருளுக்கு விலை ஏறும் என்பது நாம் அறிந்ததே. அசல் கார் இன்று ஏலத்தில் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டிப் போகிறது. அதனால் சாதாரண டி.எஸ். காரின் கூரையை வெட்டி, துணிக்கூரை பொருத்தும் வேலை பல பட்டறைகளில் நடந்திருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். விலையில் மட்டும் பெரிய வித்தியாசம்.

மாற்றிய கார் கள்ளச் சரக்கு அல்ல. எஞ்சினும் மற்ற எந்திர பாகங்களும் சாதாரண டி.எஸ். காருடையவையே. விடுமுறை நாளில் திறந்த காரில் போய்வர விரும்புபவருக்கு, அசலின் விலை கொடுக்காமல் அந்தச் சுகம் கிடைக்கிறது. மாற்றிய கார் என்று சொல்லி விற்றால் அதற்கென்று வாடிக்கையாளர் உண்டு. அசல் என்று சொல்லி விற்றால் அது மோசடி.

விற்பவர் செய்ய வேண்டியவை

முதலாவது, சேஸிஸ் நம்பர். எந்த வகைக் காராகத் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது என்பதை அது காட்டிக்கொடுக்கும். வாங்குபவர் கேட்கும் முன்பே எடுத்துக் காட்டுவது நல்லது.

இரண்டாவது, பதிவுப் பத்திரம். பிரான்சில் பாடியின் வகையும் அதில் எழுதப்பட்டிருக்கும். மூடிய கார் என்று பத்திரம் சொல்ல, எதிரே கூரையில்லாத கார் நின்றால் வில்லங்கம்தான். மாற்றத்தை முறைப்படி பதிந்துவிட்டு விற்க வேண்டும்.

மூன்றாவது, பலம். கூரையும் தூண்களும் போனால் காரின் உறுதி குறையும். கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுச் சட்டங்களைத் தடித்த தகட்டால் பலப்படுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்து, கதவுகள் சரியாக மூடாது. இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். லிப்டில் ஏற்றி, வாங்குபவரின் மெக்கானிக்கையே அடியில் பார்க்கச் சொல்ல வேண்டும். மாற்றிய பட்டறையின் பில்லும், வேலை நடந்தபோது எடுத்த படங்களும் இருந்தால் காரோடு கொடுக்க வேண்டும்.

நான்காவது, விளம்பரம். 'மூடிய காரிலிருந்து மாற்றியது' என்ற வார்த்தை முதல் வரியிலேயே வர வேண்டும். கடைசி வரியில் பொடி எழுத்தில் போட்டால் சந்தேகத்தைத்தான் வளர்க்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1641ஆம் பிரிவு, விற்ற பொருளில் மறைந்திருக்கும் குறைக்கு விற்றவரைப் பொறுப்பாக்குகிறது. குறை தெரியவந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம் என்கிறது 1648ஆம் பிரிவு. தெரிந்தே விற்றவர் வாங்கிய பணத்தோடு நஷ்டஈடும் கொடுக்க வேண்டும் என்கிறது 1645ஆம் பிரிவு. தொழில்முறை வியாபாரியோ, 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்ப முடியாது. அவருக்குக் குறை தெரியும் என்றே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன.

இந்தக் கடைசிச் செய்தியை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தன் வீட்டுக் காரை விற்பவரைவிட, கார் விற்பதையே தொழிலாகக் கொண்டவருக்குப் பொறுப்பு அதிகம். வாடிக்கையாளரும் நம்மை அப்படித்தான் பார்க்கிறார். இரண்டாம் தர மிளகாயை இரண்டாம் தரம் என்று சொல்லி, அதற்குரிய விலை போட்டால் வாங்க ஆள் இருக்கிறது. முதல் தரத்தோடு கலந்து விற்றால் அன்றைக்குக் கல்லா நிறையும். அடுத்த மாதம் அந்தக் குடும்பத்தின் மளிகைச் சீட்டு வேறு கடைக்குப் போய்விடும்.

கார் விற்பவருக்கு அந்த வாடிக்கையாளர் ஒருமுறைதான் வருவார். நமக்கோ மாதந்தோறும் வருபவர். சரக்கின் தரத்தை உள்ளபடி சொல்ல வேண்டிய தேவை, அவரைவிட நமக்குத்தான் அதிகம்.