பெருக்குவதா, வகுப்பதா?

"ஐயா, இந்தக் கணக்கில் பெருக்க வேண்டுமா, வகுக்க வேண்டுமா?"

கல்லூரியில் பொருளியல் கற்பித்த ஆண்டுகளில் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்வி இது. நாட்டு வருமானத்தையும் மக்கள்தொகையையும் தந்து, தனிநபர் வருமானத்தைக் கண்டறியச் சொன்னால்கூடச் சிலர் தயங்குவார்கள். வகுக்கும் முறையை அவர்கள் அறிவார்கள். எப்போது வகுப்பது என்பதை அறியமாட்டார்கள். இக்குறையின் வேர் தொடக்கப்பள்ளியில் இருக்கிறது.

மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் இந்திய ஊரகப் பகுதிகளில் 30.7 சதவீதம் மட்டுமே என்கிறது 2024-ஆம் ஆண்டின் 'ஏசர்' கல்வி நிலை அறிக்கை. இது உயர வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், முறையை மட்டும் பயிற்றுவித்தால் போதாது.

'ஒவ்வொருவருக்கும் என்று வந்தால் வகுத்துவிடு' என்பது போன்ற குறுக்குவழிகள் வகுப்பறைகளில் உலவுகின்றன. '12 பேருக்கு, ஒவ்வொருவருக்கும் 3 லட்டு வீதம் கொடுக்க எத்தனை லட்டு வேண்டும்?' என்ற கணக்கில் அந்தக் குறுக்குவழி தவறிவிடும். சொல்லைத் தேடும் குழந்தை சூழலைப் பார்ப்பதில்லை.

மீதி வரும் கணக்குகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 26-ஐ 4-ஆல் வகுத்தால் ஈவு 6, மீதி 2. ஓர் ஆட்டோவில் 4 பேர் வீதம் 26 பேர் செல்ல 7 ஆட்டோக்கள் வேண்டும். 4 ரூபாய் பேனாக்களை 26 ரூபாய்க்கு வாங்கினால் 6 பேனாக்களே கிடைக்கும். 26 அதிரசங்களை 4 பேர் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு ஆறரை. கணக்கு ஒன்று; விடைகள் மூன்று. எது பொருந்தும் என்பதை வாழ்க்கைச் சூழலே தீர்மானிக்கிறது.

பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோரின் ஆய்வு ஒன்று 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறார்கள் எடையையும் விலையையும் மனத்திலேயே பெருக்கிச் சரியாகப் பணம் வாங்கினர். அதே அளவிலான பாடநூல் கணக்குகளில் தடுமாறினர். சந்தை அனுபவமில்லாத பள்ளி மாணவர்களின் நிலையோ இதற்கு நேர்மாறாக இருந்தது. சந்தைக்கும் வகுப்பறைக்கும் இடையே பாலம் இல்லை என்பதே இதன் பொருள்.

அந்தப் பாலத்தை அமைக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. கணக்கைப் படித்ததும், எண்களை விட்டுவிட்டு அதில் நடப்பதைக் குழந்தை தன் சொற்களில் கூறட்டும். புளியங்கொட்டைகளைக் குவித்தோ, படம் வரைந்தோ காட்டட்டும். விடை பெரிதாக இருக்குமா, சிறிதாக இருக்குமா என்று முன்கூட்டியே ஊகிக்கட்டும். 26-ஐ 4-ஆல் வகுக்கும்படியான கதை ஒன்றைத் தானே உருவாக்கட்டும். தேர்விலும் விடைக்கு மட்டுமன்றி, காரணத்துக்கும் மதிப்பெண் தரலாம்.

நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்பது சிறுதொகையாகத் தோன்றும். அதை 12-ஆல் பெருக்க வேண்டும் எனத் தோன்றுபவருக்குத்தான் அது ஆண்டுக்கு 36 சதவீதம் என்பது புலப்படும். கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் நேரத்தில், பெருக்குவதா வகுப்பதா என்று கேட்க அருகில் ஆசிரியர் இருக்கமாட்டார்.