வெளிநாட்டு வேலை ‘மெடிக்கல்’லில் எச்.ஐ.வி. பாசிட்டிவ்... அடுத்து எங்கே போவது?

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் வெளிநாடு கிளம்பும் இளைஞர்களிடம் ஊரே கேட்கும் கேள்வி, “மெடிக்கல் முடிஞ்சிருச்சா தம்பி?” என்பதுதான். பர்மா, மலேயா என்று கப்பல் ஏறிய செட்டிநாட்டில் இன்று அது சிங்கப்பூர், துபாய், கத்தார் என்று மாறியிருக்கிறது. வளைகுடா நாடுகளும் சிங்கப்பூரும் வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யையும் பார்க்கின்றன. பலருக்கு வாழ்க்கையிலேயே முதல் எச்.ஐ.வி. டெஸ்ட் இதுவாகத்தான் இருக்கும்.

‘அன்ஃபிட்’ என்று வந்தால் விசா போச்சு, ஏஜென்ட்டிடம் கட்டிய பணம் போச்சு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. (அன்ஃபிட் என்றாலே எச்.ஐ.வி. இல்லை. காசநோய், மஞ்சள் காமாலை வைரஸ் என்று வேறு காரணங்களும் உண்டு.) உண்மையில் பேச்சு தொடங்க வேண்டிய இடமே அதுதான். தொடங்காமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2018-ல் பார்த்தது.

சாத்தூரில் என்ன நடந்தது?

2018 டிசம்பர். விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்காக ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் கொடுத்தவர் ஓர் இளைஞர். வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில்தான் தனக்குத் தொற்று இருப்பது அவருக்கே தெரிந்தது. உடனே அவரே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டிருந்தது.

இதைவிட வேதனை இன்னொன்று. 2016-லேயே அவர் ரத்த தானம் செய்திருக்கிறார். அப்போதே தொற்று கண்டறியப்பட்டு அந்த ரத்தம் அழிக்கப்பட்டது. ஆனால் அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்று அதிகாரிகள் அப்போது கூறினர். இரண்டு வருடங்கள், ரிசல்ட் பேப்பரில் இருந்தது, சம்பந்தப்பட்டவரிடம் இல்லை. விஷயம் வெளியே வந்த சில நாட்களில் அந்த இளைஞர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தினமும் ஒரு மாத்திரையோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்திருக்கக்கூடிய வயது.

எப்படிப் பரவும்?

பாதுகாப்பற்ற உடலுறவு, பரிசோதிக்காத ரத்தம், ஊசியைப் பகிர்வது, தாயிடமிருந்து குழந்தைக்கு. அவ்வளவுதான். ஒரே தட்டில் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, கொசுக்கடி, பொதுக் கழிப்பறை இவற்றால் பரவாது. 2026-லும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

‘நெகட்டிவ்’னு வந்தா ஓகேவா?

எப்போது டெஸ்ட் எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. வைரஸ் உடலுக்குள் வந்ததும் டெஸ்ட்டில் தெரியாது. சாதாரண ரேபிட் டெஸ்ட் தேடுவது வைரஸை அல்ல, அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை. அது உருவாகச் சில வாரங்கள் ஆகும். இந்த இடைவெளிதான் ‘விண்டோ பீரியட்’. அதனால், சந்தேகப்படும் சம்பவம் நடந்து மூன்று மாதம் கழித்து மறுபடி ஒருமுறை பார்ப்பது நல்லது. “ரத்தம் கொடுத்தா அவங்களே டெஸ்ட் பண்ணிருவாங்க” என்று ரத்த தான முகாமுக்குப் போவது ஆபத்தானது. இந்த இடைவெளியில் இருப்பவரின் ரத்தம் பரிசோதனையிலிருந்து தப்பிவிடலாம்.

ஆபத்தான தொடர்பு நடந்து 72 மணி நேரத்துக்குள் இருந்தால் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனைக்குப் போய் ‘பெப்’ என்று கேளுங்கள். 28 நாட்கள் சாப்பிடும் தடுப்பு மருந்து அது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன்.

பாசிட்டிவ் என்றால்?

முதலில் போக வேண்டியது நம்பிக்கை மையம். காரைக்குடி அரசு தலைமை மருத்துவமனை உட்பட அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. டெஸ்ட், கவுன்சலிங் இரண்டும் இலவசம். ஒரே கிட்டை வைத்து முடிவு சொல்ல மாட்டார்கள். வெவ்வேறு கிட்களில் உறுதி செய்த பிறகுதான் பாசிட்டிவ் என்பார்கள். தனியார் லேப் ரிசல்ட்டோடு வந்தாலும் இங்கே மறுபடி பார்ப்பார்கள்.

அடுத்து ஏ.ஆர்.டி. மையம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ளது. “ஊர்க்காரங்க யாராவது பார்த்துட்டா?” என்ற தயக்கம் இருந்தால் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குப் போகலாம். தயக்கத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் கூடாது.

முன்பெல்லாம் சிடி4 அணுக்கள் குறையும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். 2017 முதல் இந்தியாவில் பாசிட்டிவ் என்று உறுதியானாலே சிகிச்சைதான். டெனோஃபோவிர், லேமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினமும். அரசு மையத்தில் இலவசம். வைரஸை முழுசாக அழிக்காது. ஆனால் பெருகவிடாமல் அடக்கி வைக்கும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாகிவிடும்.

ஒழுங்காகச் சாப்பிடுபவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் வைரஸின் அளவு டெஸ்ட்டில் காட்டாத அளவுக்கு இறங்கிவிடும். அதே நிலையில் தொடர்பவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது. ஐரோப்பாவில் ‘பார்ட்னர்’ ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள, ஆணுறை பயன்படுத்தாத ஜோடிகளை வருடக்கணக்கில் கவனித்தார்கள். சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒரு தொற்றுகூட வரவில்லை. கல்யாணம், குழந்தை எல்லாமே சாத்தியம், துணையிடம் உண்மையைச் சொல்லி, டாக்டர் ஆலோசனையோடு.

சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். சிகிச்சையில் அது 5 சதவீதத்துக்கும் கீழே. சாத்தூர் பெண்ணுக்கு 2019 ஜனவரியில் மதுரை ராஜாஜி மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. பரிசோதனையில் குழந்தைக்கு எச்.ஐ.வி. இல்லை.

வெளியே சொல்லிடுவாங்களா?

2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள எச்.ஐ.வி. சட்டப்படி, சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கவோ, ரிசல்ட்டை வெளியே சொல்லவோ கூடாது. இந்தியாவில் வேலைக்கோ படிப்புக்கோ எச்.ஐ.வி. டெஸ்ட்டை நிபந்தனையாக்கவும் முடியாது. வெளிநாட்டு விசாவுக்கு அந்தந்த நாட்டு விதிதான். அங்கே இந்தச் சட்டம் எட்டாது.

எச்.ஐ.வி. பற்றிய சந்தேகங்களுக்கு 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம். ரிசல்ட் பார்த்து மனசு உடைந்து தவறான எண்ணம் வந்தால் 104-க்கு அழையுங்கள்.